குளிர்நாட்டிற் கொங்கிறீற்று: நாட்கணக்கும் வெப்பக்கணக்கும்

நெல்லியடிச் சந்தியிலிருந்து எத்திசை நோக்கிச் செல்லினும் புதிய மாடிவீடுகள் எழுவதைக் காணலாம். அவற்றின் மேற்றளத்துக்குக் கொங்கிறீற்று இட்ட மேசன்மாரை அணுகி, பலகையை எப்பொழுது கழற்றலாம் என வினவினால், அவர்கள் நாட்கணக்கிலேயே விடை கூறுவர். பக்கப் பலகைக்கு இத்தனை நாள், அடிப்பலகைக்கு இத்தனை நாள், முட்டுக்கால்களுக்கு இத்தனை நாள் என்னும் அக்கணக்குத் தொழில்வழியாக வந்தது, நம் நாட்டு வெயிலில் நெடுங்காலம் சோதிக்கப்பட்டது, பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

ஆயினும் அக்கணக்கினுள்ளே சொல்லப்படாத நிபந்தனையொன்று மறைந்து நிற்கின்றது. காற்று முப்பது பாகை செல்சியசு அளவில் வெம்மையாக இருக்கும் நாட்டுக்கே அது பொருந்தும் என்பதே அந்நிபந்தனை. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். அவருட் சிலர் பொறியியலாளர். சிலர் கட்டடத் தொழிலாளர். சிலர் தம் வீட்டு முற்றத்துக்குத் தாமே கொங்கிறீற்று இடுவிப்போர். இங்கு பழகிய நாட்கணக்கை அங்கு கொண்டு செல்வோர்க்கு நேரக்கூடிய ஆபத்துச் சிறிதன்று. ஆதலின், உறைகுளிரிற் கொங்கிறீற்று இடுதல், அதனைப் பம்பியினாற் செலுத்துதல், அவ்வேலையில் உயிர்க்காவல் பேணுதல் ஆகியவை பற்றிச் சில கூற எண்ணினோம். விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை இரசாயனமும் பௌதிகமும் ஒருங்கே கற்கும் ஒரு பாடமாகவும் கொள்ளலாம்.

உலர்தலும் நீரேற்றமும்

கொங்கிறீற்று உலர்வதனால் இறுகுகின்றது எனப் பலர் கருதுகின்றனர். களிமண் வெயிலில் உலர்ந்து வன்மையடைவதைக் கண்ட பழக்கத்தால் எழுந்த கருத்து இது. சீமெந்தின் இயல்போ வேறு. அது நீருடன் இரசாயன முறையிற் சேர்வதனாலேயே இறுகுகின்றது. நீருக்கு அடியிற் கட்டப்படும் பாலத் தூண்களும் இறுகுகின்றன என்பதை நினைத்தால் இவ்வுண்மை விளங்கும்.

சுண்ணக்கல்லையும் களியையும் அரைத்துக் கலந்து, சூளையில் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சுட்டு, கிடைக்கும் கட்டிகளைச் சிறிது ஜிப்சத்துடன் மாவாக அரைத்துப் பெறுவதே சீமெந்து. இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் என்பவர் 1824ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்ற 'போட்லண்ட் சீமெந்து' என்னும் பெயரே இன்றும் வழங்குகின்றது. இதன் செய்முறை நம்மவர்க்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காங்கேசன்துறைத் தொழிற்சாலை, நம் குடாநாட்டுச் சுண்ணக்கல்லையும் முருங்கனிலிருந்து வந்த களியையும் கொண்டு சீமெந்து செய்தது. 1990ஆம் ஆண்டிற் போர்ச்சூழலால் அதன் இயக்கம் நின்றது. நம் ஊரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் அச்சீமெந்து இன்றும் நின்று நிலவுகின்றது.

சீமெந்திலுள்ள கல்சியஞ் சிலிக்கேற்றுகள் நீருடன் சேரும்பொழுது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கூழ்ப்பொருள் ஒன்று தோன்றி, மணலையும் கருங்கற் சல்லியையும் இறுகப் பிணைக்கின்றது. இச்சேர்க்கையை நீரேற்றம் என்பர். நீரேற்றம் நடைபெறும்பொழுது வெப்பம் வெளிப்படும். தடித்த அத்திவாரமொன்றில் மறுநாட் காலையிற் கைவைத்துப் பார்த்தால் அவ்வெம்மையை உணரலாம்.

இதனால், கொங்கிறீற்று வன்மை பெறுவதற்கு நீர், வெம்மை, காலம் என்னும் மூன்றும் வேண்டும் என்பது பெறப்படும். நம் நாட்டில் வெம்மை வேண்டாமலே கிடைக்கின்றது. நீரே விரைந்து ஆவியாகின்றது. ஆதலினாலேயே மேற்றளத்தின்மேல் வரம்பு கட்டி நீர் நிறுத்துகின்றோம். தூண்களை ஈரச் சாக்கினாற் சுற்றுகின்றோம். குளிர்நாட்டில் நிலைமை மாறுகின்றது. நீர் எளிதிற் போய்விடுவதில்லை, வெம்மையே அரிதாகின்றது. அங்கு வெம்மையைக் காப்பது இங்கு ஈரத்தைக் காப்பதற்கு நிகரான தொழில்.

வெப்பக்கணக்கு

வெப்பநிலை பத்துப் பாகை குறையும்போது நீரேற்றத்தின் வேகம் அண்ணளவாகப் பாதியாகக் குறையும். இதனை ஒரு கணக்காக்கிப் பயன்படுத்தும் வழியை, 1949ஆம் ஆண்டில் நேர்ஸ் என்பவரும் 1951ஆம் ஆண்டில் சோல் என்பவரும் இங்கிலாந்தில் வெளியிட்டனர். கொங்கிறீற்றின் வெப்பநிலையுடன் பத்தைக் கூட்டி, வரும் தொகையை நாட்களாற் பெருக்குக. கிடைப்பது அக்கொங்கிறீற்றின் முதிர்ச்சி. முதிர்ச்சி சமமாயின் வன்மையும் ஏறத்தாழச் சமமாகும் என்பது அவர் கொள்கை. பத்தைக் கூட்டுவது ஏனெனின், கொங்கிறீற்று வன்மை பெறுதல் சுழியத்துக்குப் பத்துப் பாகை கீழேதான் முற்றாக ஓய்கின்றது எனக் கொண்டமையால் என்க.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். நெல்லியடியில் 30 பாகையில் ஏழு நாள் இருந்த கொங்கிறீற்றின் முதிர்ச்சி, 40ஐ 7ஆற் பெருக்க வரும் 280 ஆகும். அதே கலவை 20 பாகையில் இருந்தால் நாளொன்றுக்கு 30 வீதம் ஒன்பது நாளுக்குமேல் வேண்டும். 5 பாகையில் இருந்தால் நாளொன்றுக்குப் 15 வீதம் பத்தொன்பது நாள் ஆகும். உறையாது 0 பாகையிலேயே நின்றதாகக் கொண்டால் இருபத்தெட்டு நாள் செல்லும். இங்கு ஒரு வாரம் என்பது அங்கு நான்கு வாரம்.

இக்கணக்கு அண்ணளவானதே. சீமெந்தின் வகைக்கும் கலவைக்கும் ஏற்ப அது மாறும். கடுங்குளிரில் உண்மையான தாமதம் இதனினும் மிகலாம். ஆதலின் பொறியியலாளர் கொங்கிறீற்றினுள்ளே வெப்பமானியைப் புதைத்து அளவிடுவர்; கட்டடத்துடனேயே அதே குளிரில் வைத்த மாதிரித் துண்டுகளை நசுக்கிச் சோதித்து வன்மையை உறுதி செய்வர். சூடான அறையில் வைத்த மாதிரி, வெளியே குளிரில் நிற்கும் தூணின் நிலையைக் கூறாது என்பதை மாணவர் கருத்திற் கொள்க.

இந்தக் கணக்கை மறந்ததனால் நேர்ந்தவை இரண்டை ஈண்டுக் கூறவேண்டும். 1973ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திற் பெய்லீஸ் குறோஸ்றோட்ஸ் என்னுமிடத்தில் உயர்மாடிக் கட்டடமொன்று எழுந்துகொண்டிருந்தது. மேலே 24ஆந் தளத்துக்குக் கொங்கிறீற்று இடுகையில், அதன் கீழ்த் தளத்தைத் தாங்கிய முட்டுக்கால்கள் காலத்துக்கு முன்னரே அகற்றப்பட்டன. முதிராத தளம் தூண்களைச் சுற்றிப் பொத்துக்கொண்டு விழ, அதன் பாரத்தால் அடுத்தடுத்த தளங்களும் நிலம்வரை சரிந்தன. பதினால்வர் மாண்டனர்.

1978ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆந் திகதி நேர்ந்தது இதனினும் கொடியது. மேற்கு வேர்ஜீனியாவின் வில்லோ ஐலன்டில் மின்னிலையமொன்றுக்குக் குளிரூட்டும் கோபுரம் கட்டினர். தொழிலாளர் நின்ற சாரம், கோபுரத்தின் சுவரிலேயே பொருத்தப்பட்டிருந்தது. முன்னாள் இட்ட கொங்கிறீற்றே அன்றைய சாரத்தையும் பாரத்தையும் தாங்கவேண்டும். இரவு குளிர்ந்திருந்தது, அக்கொங்கிறீற்று வேண்டிய வன்மையைப் பெறவில்லை. அன்று மேலே கொங்கிறீற்றைத் தூக்கத் தொடங்கியபொழுது, சுவரின் மேல்விளிம்பு சாரத்தோடு உரிந்து விழுந்தது. ஏறத்தாழ ஐம்பது மீற்றர் உயரத்தில் நின்ற ஐம்பத்தொருவரும் உயிரிழந்தனர். அது மாரிக்காலம் அன்று, இளவேனில். குளிரின் தீங்கு பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியும் நாளிலேதான் வரும் என எண்ணுவது தவறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

உறைதலின் தீங்கு

இதுவரை கூறியது தாமதம் பற்றி. இனி, புதிய கொங்கிறீற்று உறைந்தே போயின் யாது நிகழும் என்பதைப் பார்ப்போம். நீர் பனிக்கட்டியாகும்பொழுது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் பெருகுகின்றது. நீர் நிறைந்த கண்ணாடிப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்தவர் அதன் விளைவைக் கண்டிருப்பர். இறுகத் தொடங்கிய கொங்கிறீற்றினுள்ளும் அதுவே நிகழ்கின்றது. இளம் பிணைப்புகள் அறுகின்றன. கம்பியைச் சுற்றியும் சல்லியின் கீழும் பனிக்கட்டி படர்ந்து, உருகியபின் வெற்றிடத்தை விட்டுச் செல்கின்றது. தொடக்கத்திலேயே உறைந்த கொங்கிறீற்று, பின்னர் எத்துணைப் பேணினும் தனக்குரிய வன்மையிற் பாதிவரை இழக்கக்கூடும்.

கொங்கிறீற்றின் வன்மை 3.5 மெகாபசுக்கால், அஃதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 500 இறாத்தல், என்னும் அளவை எட்டிவிட்டால் ஒருமுறை உறைவதை அது தாங்கும். அதற்குள் நீரின் ஒரு பகுதி சீமெந்துடன் சேர்ந்துவிடுவதால், எஞ்சிய நீர் விரிவதற்கு உள்ளே இடம் உண்டாகின்றது. ஆதலின் முதல் ஓரிரு நாட்களிற் கொங்கிறீற்றை உறையவிடாது காப்பதே குளிர்நாட்டு வேலையின் முதல் விதி. பாரம் ஏற்றுவதற்கோ முட்டுக்கால் அகற்றுவதற்கோ இவ்வளவு வன்மை போதாது. அதற்கு வேறு கணக்கு உண்டு.

இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. உறைந்த கொங்கிறீற்றுத் தட்டினால் ஒலிக்கும்; ஏறி நின்றாலும் தாங்கும். அது சீமெந்தின் வன்மையன்று, பனிக்கட்டியின் வன்மை. வெயில் ஏறியதும் அது மீண்டும் சேறாகும். இறுகிவிட்டது என நம்பிப் பலகையைக் கழற்றியவனுக்கு அந்த வெயிலே எமனாகும்.

குளிர் எந்த அளவில் தொடங்குகின்றது எனக் கேட்கலாம். அமெரிக்கக் கொங்கிறீற்று நிறுவகத்தின் வழிகாட்டி 4 பாகையையும், கனடாவினதும் இந்தியாவினதும் நியமங்கள் 5 பாகையையும் எல்லையாகக் கொள்கின்றன. இந்திய நியமம் 7861 இரண்டு பகுதிகளை உடையது: முதற் பகுதி வெப்பமிகு காலத்துக்கும், இரண்டாம் பகுதி குளிர்மிகு காலத்துக்கும் உரியன. இராசத்தானத்துப் பாலையும் இமயத்துப் பனியும் ஒரே நாட்டில் அமைந்தமையால் ஒரே நியமம் இரு முகம் கொண்டது. நம் நாட்டிலோ நுவரெலியாவில் மட்டுமே தை, மாசி விடியல்களிற் புல்நுனியில் உறைபனி காணப்படுகின்றது. நெல்லியடியில் மார்கழிக் குளிரும் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

வெம்மையூட்டும் முறை

கலவையைச் சூடாக்குவதற்கு எளிய வழி நீரைச் சூடாக்குவதாகும். நீரின் தன்வெப்பம் கல்லினதும் சீமெந்தினதும் தன்வெப்பத்தைப்போல் நான்கைந்து மடங்கு ஆதலின், சிறிதளவு சுடுநீர் மிகுந்த வெப்பத்தைக் கொண்டுவரும். ஒரு கன மீற்றர் கலவையிற் சீமெந்து 300 கிலோகிராம், மணலும் சல்லியும் 1800 கிலோகிராம், நீர் 160 கிலோகிராம் எனக் கொள்க. சீமெந்து 5 பாகையிலும் சல்லி 3 பாகையிலும் நீர் 5 பாகையிலும் இருந்தால், கல்லின் தன்வெப்பத்தை 0.22 எனக்கொண்டு கணிக்கையில், கலவை ஏறத்தாழ 4 பாகையில் வரும். நீரை மட்டும் 60 பாகைக்குச் சூடாக்கினால் அதே கலவை ஏறத்தாழ 18 பாகையில் வரும். இக்கணக்கை உயர்வகுப்பு மாணவர் தாமே செய்து பார்ப்பது நன்று.

ஆயினும் சில விலக்குகள் உண்டு. மிகுசூடான நீரை நேரே சீமெந்தின்மேல் ஊற்றினால் அது கணத்தில் இறுகிக் கெடும். ஆதலின் முதலில் நீரையும் சல்லியையும் கலந்து, சூடு பரவிய பின்னரே சீமெந்தை இடவேண்டும். சல்லியிற் பனிக்கட்டிகள் கலந்திருப்பின் அவற்றை உருக்கி நீக்குதல் வேண்டும். மேற்கூறிய கணக்கிற் பனிக்கட்டிக்கு இடமில்லை. உறைந்த நிலத்தின்மேல் ஒருபோதும் கொங்கிறீற்று இடலாகாது. அந்நிலம் உருகியதும் தாழும். அச்சுப் பலகையிலும் கம்பியிலும் படிந்த பனியைச் சூடான காற்றினால் அகற்றுவர். உப்புத் தூவி அகற்றுவது தகாது.

இறுகுதலை விரைவுபடுத்தும் மருந்துகளும் உள. அவற்றுட் பழையது கல்சியங் குளோரைட்டு. ஆயின் குளோரைட்டு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கடற்காற்றினால் வெடித்த தூண்களைப் பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கம்பியிட்ட வேலைக்குக் குளோரைட்டில்லா மருந்தையே கொள்ளவேண்டும். இம்மருந்துகளை உறைதல்தடுப்பி எனச் சிலர் பிழையாகக் கருதுகின்றனர். அவை இறுகுதலை விரைவாக்குமேயன்றி உறைதலைத் தடுக்கமாட்டா.

பின்னாளில் ஆண்டுதோறும் உறைந்து உருகுவதைத் தாங்குதற்கு வேறொரு வழி உண்டு. 1930களில் அமெரிக்காவில் வீதிகளை ஆராய்ந்தோர், நுண்ணிய காற்றுக் குமிழிகள் கலந்த கொங்கிறீற்றுப் பனியைத் தாங்குவதைக் கண்டனர். உறையும் நீர் விரிவதற்கு அக்குமிழிகள் இடம் கொடுக்கின்றன. பம்பிக் குழாயினூடு செல்லுகையிற் குமிழிகளிற் சில அழிவதுண்டு. ஆதலின் காற்றின் அளவைக் குழாயின் முனையிலும் சோதித்தல் வேண்டும்.

இட்டபின் வெம்மையைக் காப்பதற்குத் தடித்த போர்வைகளும், துணிக்கூடாரங்களும், அவற்றினுட் சூடேற்றிகளும் பயன்படும். இங்குதான் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று நிற்கின்றது. மூடிய கூடாரத்தினுள் எரியும் சூடேற்றி, நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவை வெளிவிடக்கூடும். தலைவலியும் தூக்கமும் வந்தவன் களைப்பென எண்ணி அங்கேயே அமர்வான்; பின்னர் எழமாட்டான். புகைபோக்கி இல்லாத சூடேற்றியை மூடிய இடத்தில் எரிக்கலாகாது. வாயுமானி இன்றி இரவுக் காவலுக்கு ஆளை உள்ளே விடலாகாது. அச்சூடேற்றி வெளிவிடும் காபனீரொட்சைட்டும் புதிய தளத்தின் மேற்பரப்பை மென்மையாக்கிப் புழுதிபடச் செய்யும். உயிருக்கும் வேலைக்கும் ஒரே பரிகாரம், புகையை வெளியே செலுத்துதல். காவற்காலம் முடிந்ததும் போர்வையைத் திடீரென நீக்காது, மெல்ல மெல்லக் குளிரவிடவேண்டும். இன்றேல் மேற்பரப்பு வெடிக்கும்.

பம்பியும் குளிரும்

கொங்கிறீற்றைக் குழாய்வழிச் செலுத்தும் பம்பி 1920களின் இறுதியில் ஜேர்மனியிலும் 1930களில் ஒல்லாந்திலும் உருப்பெற்றது. இக்காலத்துப் பம்பியில் இரண்டு உருளைகள் உண்டு. ஒன்று தொட்டியிலிருந்து கலவையை இழுக்கையில் மற்றையது குழாயினுட் தள்ளும். இவ்வியந்திரம் துபாயிலே புர்ஜ் கலீபாவைக் கட்டுகையில் 2008ஆம் ஆண்டிற் கொங்கிறீற்றை 606 மீற்றர் உயரத்துக்கு ஏற்றியது என்றால் அதன் ஆற்றலை உணரலாம். அவ்வாற்றலே அதன் ஆபத்துமாகும். வாகனச் சில்லின் காற்றழுத்தத்தைப்போற் பன்மடங்கு அழுத்தம் அக்குழாயினுள் நிற்கின்றது.

குளிர் இப்பம்பியை நான்கு வழிகளில் தாக்குகின்றது. முதலாவது, குழாய் அடைத்தல். முதல்நாட் கழுவிய நீர் வளைவுகளில் எஞ்சி நின்று இரவில் உறைந்து தக்கையாகிவிடும். காலையிற் பம்பியை இயக்குவோன் அதனை அறியாது அழுத்துவான். ஆதலின் மாலையிற் குழாயை முற்றாக வடித்தலும், காலையில் தடையின்மையைச் சோதித்தலும் கட்டாயம். குழாயின் உட்புறத்தை வழுக்கச்செய்வதற்கு முதலிற் செலுத்தும் சீமெந்துக் குழம்பையும் சுடுநீரிற் கரைத்தல் வேண்டும். குளிர்ந்த உருக்குக் குழாயிற் பட்டதும் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். நீண்ட குழாய்களுக்குப் போர்வை சுற்றுவர். கலவை வண்டிகள் இடையறாது வருமாறு ஒழுங்கு செய்யவேண்டும். குழாயினுள் நின்ற கலவை நிமிடந்தோறும் வெம்மையை இழக்கும்.

இரண்டாவது, இயந்திரத்தின் இயல்பு மாறுதல். குளிரில் எண்ணெய் தடிக்கும். உருக்கும் இறப்பரும் நொறுங்கும் இயல்பு பெறும். எண்ணெய் சூடேறும்வரை பாரமின்றி இயக்குதலும், தயாரித்தோர் குறித்த குளிரெல்லைக்குக் கீழே நீண்ட தூக்குக்கையை விரியாது விடுதலும் வேண்டும். விரிப்பதற்குமுன் அதிற் படிந்த பனிக்கட்டியை அகற்றாவிடின் அது கீழே நிற்பவன் தலையில் விழும்.

மூன்றாவது, நிலம். பம்பி வண்டி தன் பக்கத் தாங்குகால்களில் நிற்கின்றது. உறைந்த நிலம் காலையிற் கல்லைப்போல் உறுதியாகத் தோன்றும்; வெயிலாலும் வண்டியின் வெப்பத்தாலும் நண்பகலில் இளகும். பனிக்கட்டியின் மேல் வைத்த தாங்குகால் வழுக்கும். பனியை நீக்கி, அகன்ற தடித்த பலகைகளை இட்டு, வேலை நடக்கும்போதும் இடையிடையே தாங்குகாலைச் சோதித்தல் வேண்டும். உறைந்த கொங்கிறீற்றைப் போலவே உறைந்த நிலமும் பொய்வன்மை காட்டும்.

நான்காவது, மனிதன். தடித்த தொப்பி காதை மறைக்கும். கழுத்துப் போர்வை பக்கப் பார்வையை மறைக்கும். விறைத்த விரல் பிடியை இழக்கும். கூவினால் கேட்காது. ஆதலின் பம்பி இயக்குவோனுக்குச் சைகை காட்டுவோன் ஒருவனே இருக்கவேண்டும்; அச்சைகைகளை வேலைக்கு முன்னரே எல்லோரும் கற்றிருக்கவேண்டும். தூக்குக்கை மின்கம்பிகளை அணுகாது காப்பதும் அவன் கடமை.

குழாய் முனையில் நிற்போர்

பம்பி வேலையில் உயிரிழப்போரும் ஊனமுறுவோரும் பெரும்பாலும் இறப்பர்க் குழாயின் முனையருகே நிற்போரே. காரணத்தை மாணவர் பௌதிகத்தால் அறியலாம். நீரும் கலவையும் அழுத்தத்தால் மிகச் சிறிதே சுருங்கும். காற்றோ பெரிதும் சுருங்கும். குழாயினுட் காற்று அகப்பட்டு, அதற்குமுன் பனித்தக்கையோ இறுகிய கலவையோ அடைத்தால், பின்னே தள்ளும் பம்பி அக்காற்றை வில்லைப்போல் அழுத்திச் சேமிக்கின்றது. தக்கை விடுபட்ட கணத்தில் அவ்வில் அவிழ்கின்றது. கனத்த இறப்பர்க் குழாய் சாட்டையைப்போற் சுழன்று அருகில் நின்றவனை அடிக்கின்றது.

எனவே, வேலை தொடங்கும்பொழுதும், நின்று மீண்டும் தொடங்கும்பொழுதும், அடைப்பு நீங்கும்பொழுதும் குழாய்முனையை எவரும் அணுகலாகாது. கலவை சீராக ஒழுகத் தொடங்கி, காற்று வெளியேறிவிட்டது என இயக்குவோன் கூறிய பின்னரே அணுகலாம். முனையில் உலோகப் பூட்டுகளைப் பொருத்தலாகாது, குழாயை மடித்துப் பிடிக்கலாகாது, கையிற் சுற்றிக்கொள்ளலாகாது. அடைபட்ட குழாயின் பூட்டைத் திறப்பதற்குமுன் பம்பியைப் பின்னோக்கி இயக்கி அழுத்தத்தை நீக்குதல் வேண்டும். காற்றினாற் குழாயைத் துப்புரவு செய்கையிற் பந்தைப் பிடிக்கும் கூடையை முனையிற் பூட்டாது காற்றைத் திறக்கலாகாது. இவை எல்லா நாட்டுக்கும் உரிய விதிகள். குளிர்நாட்டில் அடைப்பு மிகுதியாதலின் அங்கு இவற்றின் தேவையும் மிகுதி. கழுவிய நீரை வழியில் விட்டால் அது உறைந்து வழுக்குநிலமாகும் என்பதையும் மறத்தலாகாது.

குளிரை வென்ற வேலைகள்

குளிர் கொங்கிறீற்று வேலையை முற்றாகத் தடுப்பதில்லை. ரொறன்ரோ நகரில் நம்மவர் விருந்தினரை அழைத்துச் சென்று காட்டும் 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரம் இதற்குச் சான்று. வழுக்கி மேலேறும் அச்சினுள் இரவுபகலாகக் கொங்கிறீற்றை இட்டு, 1973இன் கோடையிலிருந்து அடுத்த மாரிக்காலத்தினூடும் அதன் தண்டு எழுப்பப்பட்டது. 1976ஆம் ஆண்டு யூன் மாதம் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

நமக்கு அணிமையில், இமாசலப் பிரதேசத்தில், றோதாங் கணவாயின் கீழே 9.02 கிலோமீற்றர் நீளமான அடல் சுரங்கவழி 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. கடல்மட்டத்துக்கு மூவாயிரம் மீற்றருக்கு மேலே அமைந்தது அது. 3978 மீற்றர் உயரமான கணவாய் பனியால் மூடப்படும் மாதங்களில் வடவாயிலை அடைவதே அரிதாயிற்று. ஆதலின் அத்திசையிலிருந்து தோண்டும் வேலை மாரிதோறும் நின்றது. இவ்வகைச் சுரங்கங்களின் உட்சுவருக்கு உருக்கு அச்சின் பின்னே கொங்கிறீற்றைப் பம்பியினாலேயே நிரப்புவர். மலையின் உள்ளே காற்றும் பனியும் அணுகா. கலவை செய்யும் இடமும் கொண்டுசெல்லும் வழியுமே அங்கு காக்கப்படவேண்டியவை. செய்யக்கூடிய காலத்திற் செய்தலும், செய்யத்தகாத காலத்தில் நிறுத்துதலும் பொறியியலின் இரு கைகள். நிறுத்தத் தெரிந்தமை தோல்வியன்று.

முடிவுரை

நெல்லியடியில் இருப்போர்க்கு இவற்றாற் பயன் என்ன எனச் சிலர் வினவலாம். வெப்பக்கணக்கு நம் ஊருக்கும் உரியதே. சித்திரை வெயிலில் விரைந்து முதிரும் தளம், மழையோடு கூடிய மார்கழியிற் சிறிது தாமதிக்கும். அப்பொழுது முட்டுக்காலை ஓரிரு நாள் கூடுதலாக நிறுத்துவது அறிவுடைமை. வெயிற்காலத்தில் ஈரச் சாக்கை ஏழு நாளேனும் உலரவிடாது காப்பதும் அக்கணக்கின் மறுபுறமே. உலர்ந்துபோன கொங்கிறீற்றில் வெம்மை இருந்தும் நீரேற்றம் நடவாது.

கடல்கடந்து செல்லும் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே. புதிய நாட்டில், புதிய மொழியில், மேலாளர் விரைவுபடுத்தும் வேலையில், ஐயத்தை வெளியே கூறுதல் எளிதன்று. ஆயினும் பலகையைக் கழற்றுமாறு பணிக்கப்படும்பொழுது, "கொங்கிறீற்றின் வெப்பநிலை யாது? மாதிரியை நசுக்கிச் சோதித்தீர்களா?" என்னும் இரு வினாக்களைக் கேட்பதற்கு எந்நாட்டுச் சட்டமும் தடை செய்யாது. பெய்லீஸ் குறோஸ்றோட்ஸிலும் வில்லோ ஐலன்டிலும் மாண்ட அறுபத்தைவரின் பொருட்டேனும் அவ்வினாக்கள் கேட்கப்படவேண்டும். வெப்பமானி ஒன்றின் விலை சிறிது. அதனைப் பார்த்து நாளைக் கணிக்கும் பழக்கத்தை நம் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்திலேயே மாணவர் பெறுவாராக.